பழைய பக்கமும் இருபது லிட்டர் பாலும்

1

நான் மைசூருக்கு வந்து போன வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அதை முன்னிட்டு ஏதாவது எழுது என்று நம் இதழின் ஆசிரியர் அஞ்சலட்டை போட்டிருந்தார். அரண்மனை விளக்கு, தசரா யானை, மல்லிகை, மைசூர்பாகு இவற்றில் குறைந்தது இரண்டு கட்டாயம் வர வேண்டுமாம். நம் ஊர் வாசகர்கள் எதிர்பார்ப்பார்களாம்.

அரண்மனையை நான் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். யானை லாயத்துக்குப் போனதில்லை. அதனால் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நான் எழுதப்போவது ஒரு டீக்கடைச் சுவரைப் பற்றி. நான்கடி அகலம், ஐந்தடி உயரம், வெள்ளையடித்து நாளாகிவிட்ட சுவர். இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதுவும் போன மாதம் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தார் ரோடு போடும் மாரியப்பனின் மூத்த மகன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசல்வரைக்கும் ரோடு போட்டிருக்கிறார், உள்ளே போனதில்லை. டிப்ளமோ முடித்து இங்கே ஒரு தொழிற்சாலையில் செம்புக் கம்பியின் தடிமனை அளந்து எழுதும் வேலையில் இருக்கிறேன். மைசூரில் வேலை என்று சொன்னபோது, திம்பம் மலைக்கு அப்பால் சாமராஜநகர் போகிற ரோட்டில் பாதி நாங்கள் போட்டதுதான், பஸ் குலுங்காமல் போகும் என்றார் அப்பா. பஸ் நன்றாகவே குலுங்கியது. அதை மட்டும் அவருக்கு நான் எழுதவில்லை.

2

நம் ஊர் முடிதிருத்தகத்தில் ஒருவர் உரக்கப் பேப்பர் படிப்பதும் மற்றவர்கள் கேட்பதும் உங்களுக்குத் தெரியும். அப்பாவும் அங்கேதான் செய்தி கேட்பார். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள், “இது யாரோட பேப்பருங்க?” என்று ஒரு கேள்வி போடுவார். ஆளுங்கட்சிக்காரருடையதா, எதிர்க்கட்சிக்காரருடையதா, மில் முதலாளியுடையதா என்று தெரிந்துகொண்ட பிறகே காதைக் கொடுப்பார். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. படிக்கத் தெரியாதவர் எதற்குக் கேள்வி கேட்கிறார் என்று நினைத்திருக்கிறேன். மைசூருக்கு வந்த முதல் மாதத்திலேயே அந்தக் கேள்வி என் வாயிலும் வந்துவிட்டது.

இங்கே தமிழ்ப் பேப்பர் மலை ஏறி இறங்கி வர மதியமாகும். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு கடையில் கிடைக்கும். வருவது இரண்டு பேப்பர். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதைக்கூட இரண்டும் வேறுவேறு குரலில் சொல்லும். கன்னடப் பேப்பரை எனக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்னவர்களிடம் கேட்டால் அதில் மூன்றாவது ஒரு குரல். கூலி, நிலம், தண்ணீர், சாதி என்று நாம் ஊர்ப் படிப்பகத்தில் மணிக்கணக்கில் பேசிய விஷயங்களைப் பற்றி, யாருக்கும் வேண்டியவராக இல்லாமல் எழுதுகிறவர்கள் எங்கேயாவது இருக்க மாட்டார்களா என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் நூலகத்துக்குப் போனேன். உறுப்பினராவதற்கு ரேஷன் கார்டு வேண்டும் என்றார்கள். என் பெயர் நம் ஊர்க் கார்டில் இருக்கிறது. அப்படியானால் அங்கே பெயரை நீக்கிச் சான்று வாங்கி, இங்கே பெயர் சேர்த்து, அந்தக் கார்டைக் காட்ட வேண்டும். இங்கே பெயர் சேர்க்க வீட்டுக்காரர் கடிதம் வேண்டும். அறையை எனக்கு வாடகைக்கு விட்டதையே வீட்டுக்காரர் யாருக்கும் சொல்லவில்லை. நூலகத்து அலுவலர் நல்ல மனிதர்தான். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், வெளியே எடுத்துப் போகத்தான் முடியாது என்றார். உட்கார்ந்து படித்தேன். அதே பேப்பர்கள்.

பிரௌசிங் சென்டரில் எதுவும் கேட்கவில்லை. ஒரு நோட்டில் பெயரும் நேரமும் எழுதினால் போதும்.

3

அது என் அறை இருக்கும் அக்ரஹாரத்தில், மாவு மில்லுக்கு மாடியில் இருக்கிறது. போன வருடம்வரை எஸ்.டி.டி. பூத்தாக இருந்த இடம். கண்ணாடிக் கூண்டை எடுத்துவிட்டு இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். கீழே மில் ஓடத் தொடங்கினால் மேலே திரை ஒருமுறை கண் சிமிட்டும். மோடம் கத்தி, இழுத்து, இருமி ஒருவழியாக லைன் கிடைத்தால் அறையில் இருக்கிற எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சென்டரைப் பார்த்துக்கொள்பவர் மஞ்சுளா. பி.காம். படித்தவர். தாத்தா ரயில்வேயில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. எனக்குக் கன்னட எழுத்து தெரியாது. அதனால் எங்களுக்குள் சரிசமமான மரியாதை இருந்தது.

முற்போக்கு என்பதற்கான ‘புரோகிரசிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டித்தான் என் தேடல் தொடங்கியது. முதலில் வந்தது மூக்குக் கண்ணாடி. அடுத்து நீண்ட முடி வைத்த கித்தார் குழுக்கள். அரை மணி நேரம் அவர்களைப் படித்தும் கூலி உயர்வு பற்றி ஒரு வரி இல்லை. அப்புறம்தான் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது புரிந்தது. ஒரு பேராசிரியர் தனக்குப் பிடித்த பக்கங்களின் பட்டியலைப் போட்டிருந்தார். அதில் ஒன்றைத் தொட்டால் அங்கே இன்னொரு பட்டியல். கம்பெனி நோட்டின் பின்பக்கத்தில் முகவரிகளை எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு முகவரியில் புழு நெளிவதுபோல ஒரு குறி இருந்தது. விசைப்பலகையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணானது. அடுத்த ஞாயிறு மஞ்சுளா மேல் மூலையில் இருந்ததைக் காட்டி, இதற்குத்தானா போன வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனீர்கள் என்று கேட்டார்.

அந்தப் புழு முகவரியில்தான் எனக்கு வேண்டியது இருந்தது. நம் நாட்டிலும் வெளியிலுமாக நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற பக்கம். விளம்பரம் கிடையாது. யார் நடத்துகிறோம், யாரிடம் உதவி வாங்குகிறோம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அப்பாவின் கேள்விக்கு இப்படி வாயைத் திறந்து பதில் சொன்ன ஒரு பத்திரிகையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எந்தக் கட்சியையும் விடாமல் கேள்வி கேட்டார்கள். சில கட்டுரைகள் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் பிடித்திருந்தது.

இதைத் தனியாகப் படித்து என்ன செய்வது? நம் படிப்பகத்தில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தேன். ஞாயிறு காலையில் சென்டருக்குப் போய்ப் படித்து, மூன்று செய்தியும் ஒரு கட்டுரைச் சுருக்கமும் தமிழில் எழுதி, சார்ட் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக வரைந்து, பத்து மணிக்கு நஞ்சுண்டண்ணாவின் டீக்கடைச் சுவரில் ஒட்டினேன்.

4

நஞ்சுண்டண்ணா கன்னடக்காரர். கடை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்தும் கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பதினான்கு பேர் அங்கேதான் டீ குடிப்பார்கள். ஒட்டட்டுமா என்று கேட்டபோது, என்ன எழுதியிருக்கிறாய் என்றார். சொன்னேன். யாரையாவது திட்டியிருக்கிறாயா என்றார். எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் என்றேன். அப்படியானால் பரவாயில்லை என்று ஒட்டவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் மேஷ்ட்ரு. சுவரில் எழுதுகிறவன் வாத்தியாராகத்தானே இருக்க வேண்டும்.

அந்தப் பதினான்கு பேரில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் ஐந்து பேர். கோவிந்தன் மேஸ்திரி உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். சித்தாள் வேலை செய்யும் ராஜம்மாக்காவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் வாரமே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏந் தம்பி, இது எந்தக் கட்சிப் பேப்பரு?”

எந்தக் கட்சியும் இல்லை என்றேன்.

“கட்சியில்லாத பேப்பரா? அப்புறம் யாரு சொல்லி எழுதறாங்க?”

யாரும் சொல்லாமல் அவர்களாகவே எழுதுகிறார்கள் என்று விளக்கினேன். ராஜம்மாக்கா, வேலை இல்லாதவங்களாட்ட இருக்குது என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார். ஆனால் அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து நின்றார். கூட அவர் மகள் செல்வி. மூன்றாம் வகுப்பு, கன்னடப் பள்ளி. அம்மா தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்வாள். சுவரில் இருந்ததை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, படமே இல்லை என்று போய்விட்டாள்.

இப்படி ஏழெட்டு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் கம்பி அளந்தேன் என்று நான் சொல்வது, கம்பெனியில் யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான்.

5

போன மாதம் காவிரிப் பேச்சு சூடாயிற்று. திங்கட்கிழமை பந்த் என்று அறிவித்தார்கள். பந்த் என்றால் நம் ஆட்களுக்கு இங்கே ஒரு பயம் உண்டு. வயதில் மூத்தவர்கள் முந்தைய நாட்களைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கோவிந்தன் மேஸ்திரி, ஞாயிறு மாலையே எல்லோரும் சாமராஜநகர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாம், இரண்டு நாள் கழித்து வரலாம் என்றார். கூரைக்குக் கான்கிரீட் போட வேண்டிய வாரம் அது. போனால் அந்த வேலை வேறு ஆட்களுக்குப் போய்விடும். போகவும் மனமில்லை, இருக்கவும் தைரியமில்லை. மேஷ்ட்ரு என்ன எழுதுகிறார் என்று பார்ப்போம் என்று நஞ்சுண்டண்ணாதான் முதலில் சொன்னாராம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே மாவு மில் மாடிக்கு ஓடினேன். நான் வழக்கமாக உட்காரும் கம்ப்யூட்டரில் யாரோ இருந்தார்கள். இரண்டாவதில் உட்கார்ந்தேன். புழு முகவரியைத் தட்டியதும் பக்கம் சட்டென்று வந்து நின்றது. அவ்வளவு வேகமாக அது என்றைக்கும் வந்ததில்லை. முதல் வரியே, பேச்சுவார்த்தைக்குப் பின் பந்த் கைவிடப்பட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டுரை. ஆற்றின் இரண்டு பக்கமும் நடந்து விவசாயிகளிடம் பேசிய ஒருவர் எழுதியது. இரண்டு மாநிலத்திலும் கடைமடைக்காரனின் குறை ஒன்றேதான், ஒருவரோடு ஒருவர் பேசவிட்டால் பாதி தீரும் என்று எழுதியிருந்தார். கண் கலங்கிவிட்டது. அப்படியே தமிழில் எழுதினேன்.

சுவரில் ஒட்டும்போது பெருமை தாங்கவில்லை. பேப்பர்கள் நேற்று ராத்திரி அச்சடித்தவை, அதில் பந்த் உண்டு என்றுதான் இருக்கும், இது இன்றைய செய்தி என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் உரக்கப் படித்தார். பஸ் ஏறும் பேச்சு அதோடு நின்றது. நஞ்சுண்டண்ணாவுக்கும் யாரோ கன்னடத்தில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை நான் கம்பெனி பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு சைக்கிள்கூட வரவில்லை. எதிர்வீட்டு மாமி கோலத்தை முடித்துவிட்டு, பந்த் அல்வாப்பா, எதற்கு நிற்கிறாய் என்றார். அல்லவா என்பதை இங்கே அல்வா என்பார்கள். மைசூர் நகரம் முழுவதிலும் அந்த நேரத்தில் பந்த் என்று தெரியாமல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் செய்தியாசிரியர்தான்.

கடைக்கு ஓடினேன். பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே நஞ்சுண்டண்ணா மூன்று பால் கேனுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“மேஷ்ட்ரே,” என்றார். குரல் உயரவே இல்லை. “கன்னட பேப்பர் எல்லா பந்த் அந்து பர்தித்து. நானு நிம்ம பேப்பர் நம்பிதே. இருபது லிட்டர் ஹாலு. ஈக ஏனு மாட்லி, நீனே ஹேளு.”

கன்னடப் பேப்பர் அத்தனையும் பந்த் என்றபோது, தனக்குப் படிக்கவே தெரியாத என் தமிழ்த் தாளை அவர் நம்பியிருக்கிறார். இருபது லிட்டர் பாலை இப்போது என்ன செய்வது, நீயே சொல் என்கிறார். மற்ற கடைகள் மூடியிருக்கும், தன் கடை ஒன்றே திறந்திருக்கும் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பால் சொல்லிவிட்டார். கடையை மூடச் சொல்லி வந்தவர்கள் அவர் தெருப் பிள்ளைகள்தான். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, மூடிவிடுங்கள் அண்ணா என்று சொல்லிப் போனார்களாம்.

எனக்குப் பால் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பதினான்கு பேர் எங்கே என்று கேட்டேன். முதல் பஸ்ஸில் நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கும் கட்டட வேலைக்குப் போய்விட்டார்களாம். அந்த ஒரு பஸ்தான் ஓடியது.

6

மதியம் வந்து சேர்ந்தார்கள். ஏழு கிலோமீட்டர் நடை. வழியில் யாரும் தமிழ் பேசக்கூடாது, கன்னடம் வராதவர்கள் வாயே திறக்கக்கூடாது என்று ராஜம்மாக்கா உத்தரவு போட்டிருக்கிறார். பதினான்கு பேரும் ஊமைபோல வரிசையாக நடந்திருக்கிறார்கள். வழியில் பார்த்தால் பெரிய ரோடு முழுக்கப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்களாம். பந்து உருண்டு ராஜம்மாக்காவின் காலடிக்கு வந்திருக்கிறது. செங்கல் எறிந்து பழகிய கை. ஒரே எறியில் விக்கெட் கீப்பரிடம் போய்ச் சேர்ந்ததாம். “தேங்க்ஸ் அக்கா” என்றானாம் ஒரு பையன். அதற்கு என்ன மொழியில் பதில் சொல்வது என்று தெரியாமல் இவர் தலையை மட்டும் ஆட்டினாராம்.

இதையெல்லாம் அவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், பின்கட்டில் உட்கார்ந்து பால் குடித்தபடி. நஞ்சுண்டண்ணா பெரிய அண்டாவில் அத்தனையையும் காய்ச்சிவிட்டார். மீதியைக் கிளறிப் பால்கோவா ஆக்கினார். ஆசிரியர் கேட்ட இனிப்பு இதுதான் என்று வைத்துக்கொள்ளட்டும்.

கோவாவைக் கையில் கொடுக்கும்போது ராஜம்மாக்கா சொன்னார்: “பாலு நல்லா இருக்குது தம்பி. ஆனா இனிமே உன்ற பேப்பர நம்பி நான் ஒரு எட்டு எடுத்து வெக்க மாட்டேன்.” நஞ்சுண்டண்ணா அதைத் தன் மொழியில் முடித்தார். தாளைக் கிழித்துவிடு, சுவரை எனக்குத் திருப்பிக் கொடு. கோபமாகச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

மறுநாள் மஞ்சுளாவிடம் போனேன். ஞாயிறு நான் படித்த பக்கத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

“ஞாயித்துக்கிழமை லைனே இல்ல சார், காலைலேர்ந்து. நீங்க அஷ்டு ஆசையா ஓடி வந்தீங்க அல்வா, எப்படித் திருப்பி அனுப்பறதுன்னு ஆஃப்லைன்ல போட்டேன். மிஷின்ல சேவ் ஆகியிருந்ததுதான் வந்தது. நோட்ல உங்க நேரம்கூட எழுதல.”

என்றைக்கு சேவ் ஆனது என்று கேட்டேன். ஐந்தாறு வாரத்துக்குமுன் என் தங்கை கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்போது, இந்த மனுஷர் வாராவாரம் அப்படி என்ன படிக்கிறார் என்று பார்க்க மஞ்சுளாவே அந்தக் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்திருக்கிறார். அப்போதும் ஒரு பந்த் அறிவித்துக் கைவிட்டிருக்கிறார்கள். நான் படித்தது அந்தச் செய்தி. ஆற்றங்கரைக் கட்டுரையை அவரும் முழுக்கப் படித்ததாகச் சொன்னார்.

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். இந்த ஊரில் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு வாசகி இருந்ததால்தான் அவ்வளவும் நடந்திருக்கிறது. யாருடைய பேப்பர் என்று கேட்க எனக்குத் தெரிந்திருந்தது. என்றைய பேப்பர் என்று கேட்கத் தோன்றவில்லை. தேதி பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. மைக்ரோமீட்டரில் மயிரிழை அளக்கிறவன் அதைப் பார்க்கவில்லை.

7

எத்தனையோ பேப்பர் படித்திருக்கிறேன். தப்பாக எழுதிவிட்டோம் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்ட ஒன்றையும் பார்த்ததில்லை. நஞ்சுண்டண்ணாவிடம் போய், இன்னும் ஒரே ஒரு ஞாயிறு சுவரைக் கொடுங்கள், தப்பை எழுதிவிட்டுப் போய்விடுகிறேன் என்று கேட்டேன். அவர், கன்னடத்திலும் எழுது, பால் எதற்கு வாங்கினேன் என்று சந்தில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள், அவர்களுக்கும் தெரியட்டும் என்றார்.

கன்னடத்தை மஞ்சுளா எழுதினார். தன் பங்கையும் மறைக்காமல் எழுதினார். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் கன்னடம். செய்தி தவறு, எப்படித் தவறானது, யார் யார் நடந்தார்கள், எத்தனை லிட்டர் பால், எல்லாம் இருந்தது. ஆற்றங்கரைக் கட்டுரை மட்டும் பழையதானாலும் உண்மை என்று அடியில் சேர்த்து, அதையும் இரண்டு மொழியிலும் கொடுத்தோம்.

அந்த ஞாயிறு கடை வாசலில் கன்னடக்காரர்களும் நின்று படித்தார்கள். இருபது லிட்டர் என்ற இடம் வந்ததும் ஒவ்வொருவரும் திரும்பி நஞ்சுண்டண்ணாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் டீயை இன்னும் உயரத் தூக்கி ஆற்றினார். செல்வி வந்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து சுவரில் இருந்தது. விரலை வைத்து, பள்ளியில் படிப்பதுபோல உரக்கப் படித்தாள். ராஜம்மாக்கா பக்கத்தில் நின்று மகள் படித்ததைக் கன்னடத்திலேயே கேட்டார். பந்து எறிந்த இடம் வந்ததும், “என்ற பேரக்கூடப் போட்டிருக்குதா?” என்றார். போட்டிருந்தது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, ஒட்டியதைச் சுரண்டிச் சுவரைத் துடைத்துக் கொடுத்துவிடலாம் என்று வாளியோடு போனேன். பழக்கத்தில் அன்று காலை எழுதிய தாளையும் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். சுவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. புதிதாக வெள்ளையடித்து, நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார் நஞ்சுண்டண்ணா. உச்சியில் கரியால் கன்னடத்தில் ஒரு சொல். என்ன என்று கேட்டேன். மேஷ்ட்ரு அல்வா, நீயே படி என்றார்.

மஞ்சுளாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சில எழுத்துகளை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். தெரியாத இடத்தில் செல்வி உதவினாள். கன்னடத்தில் நான் முதன்முதலாக முழுதாகப் படித்த சொல் அதுதான்: இவத்தினதா?

இன்றையதா என்று அர்த்தம். சுருட்டி வைத்திருந்த தாளை விரித்து, எல்லாவற்றுக்கும் மேலே தேதியைப் பெரிதாக எழுதினேன். நஞ்சுண்டண்ணா அதை எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே சைக்கிளில் காத்திருந்த பால்காரரிடம் நாளைக்கு எத்தனை லிட்டர் என்று சொன்னார்.